மூன்றாம் முறை எழாத இடது விளக்கு

1999 ஜூன் 12, சனிக்கிழமை, காலை 9.40. இண்டியானா மாநிலம், வாபாஷ் மாவட்டக் கண்காட்சி மைதானம். டெல்பர்ட் கெஸ்லரின் 1969-ஆம் ஆண்டுக் கார்வெட்டின் இரண்டு முன்விளக்குகளும் மூன்று முறையும் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக இறங்கின. சான்றிதழ் வழங்கப்படவில்லை.

ஏன் என்பதை முழுமையாக எழுதித் தரும்படி, பழைய கார்களுக்குச் சான்றிதழ் தரும் நம் சங்கத்தின் செயற்குழு கேட்டிருக்கிறது. எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. முப்பது வருடம் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். தக்காளி இப்போதுதான் பூ விட்டிருக்கிறது. அதைப் பாட்டிலில் அடைக்கும் வேலை ஆகஸ்டில்தான் வரும். அதுவரை நேரம் இருக்கிறது.

காரைப் பற்றித் தெரியாதவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. அந்தக் காரின் முன்விளக்குகள் பகலில் மூக்குக்குள் படுத்துக் கிடக்கும். வேண்டும்போது மேலே எழும். எழுப்புவது மின்சாரம் அல்ல. என்ஜின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலை ஒரு தொட்டி சேர்த்து வைக்கும். விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர்க் குழாய்கள் அதை விளக்குகளுக்குக் கொண்டுபோகும். சிவப்புக் கோடு போட்ட குழாய் தூக்க, பச்சைக் கோடு போட்டது இறக்க. எங்காவது காற்று புகுந்தால் ஒரு விளக்கு சோம்பிப்போகும். நம் சங்கத்தின் தேர்வில் என்ஜினை அணைத்துவிட்டு, தொட்டியில் மிச்சமிருப்பதைக் கொண்டே மூன்று முறை தூக்கி இறக்க வேண்டும். தலைமை நடுவர் ஜீன் ஸ்டோவால் “விளக்கு” என்று ஒரே சொல் சொல்வார். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

1990-இல் முதல் முறையாக என் கணவர் டெல்பர்ட் காரைக் கொண்டுபோனார். இடது விளக்கு எழவில்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை. இருபது வருடப் பழைய குழாய், தானாக வெடித்திருந்தது. அன்று மாலை அவரும் அவருடைய நண்பர் ஹார்லன் புரூயிட்டும் என் சமையலறை மேசையில் குழாய்களைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

“என் பாட்டில் மாதிரிதானே இது? மூடி இறுகணும், காத்து உள்ள போகக்கூடாது. அவ்வளவுதானே?” என்று கேட்டேன்.

ஹார்லன் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். “டேய் டெல்பர்ட், பேசாம ஆர்டிஸையே ஷெட்டுல விட்டுரு. அடுத்த வருசம் உன் வண்டி தக்காளிச் சாறுல ஓடும்.”

“அது வேற சமாச்சாரம், ஆர்டிஸ். இது என்ஜினு. உனக்குச் சொன்னாப் புரியாது” என்றார் டெல்பர்ட்.

நான் கோபப்படவில்லை. காப்பி ஊற்றினேன். என் பாட்டில் ஒன்றுகூட இதுவரை கெட்டதில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் கவனித்தது வேறொன்று. தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே வாசல்ல வீடு விற்பனைக்குன்னு பலகைய நட்டுருவேன். அடுத்த மாசம் அரிசோனா.” அரிசோனாவில் மேசா என்ற ஊர். அங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். அதன் படம் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. முன்னும் பின்னும் வெறும் கூழாங்கல். ஒரு செடி கிடையாது. விளக்கு எழாத அன்று அந்தப் படத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

“இப்பவே போனா என்ன?” என்று ஹார்லன் கேட்டார்.

“பாதி வேலைய விட்டுட்டு நான் எந்த ஊருக்கும் போனதில்லடா. எங்க காத்து போகுதுன்னு கண்டுபிடிக்காம இந்த ஊரை விட்டு நகர மாட்டேன்.”

அவர் அப்படித்தான். தொலைபேசி நிறுவனத்தில் கம்பிப் பழுது பார்த்தவர். பழுதைக் கண்டுபிடிக்காமல் கம்பத்திலிருந்து இறங்கியதே இல்லை.

அடுத்த வருடம் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். தேர்வுக்கு முதல் நாள் ஷெட்டில் மூன்று முறை சோதித்தார். இரண்டு விளக்கும் சேர்ந்து எழுந்தன. மேசா வீட்டின் படம் மறுபடி கதவுக்கு வந்தது. சனிக்கிழமை காலை அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது நான் தையல் ஊசியோடு ஷெட்டுக்குப் போனேன்.

வெறும் ஊசியால் பயனில்லை. வெளியே எடுத்ததும் ரப்பர் தானாக மூடிக்கொள்ளும். முந்தைய வாரமே பழைய குழாய் ஒன்றில் குத்திப் பார்த்திருந்தேன். அடுப்பில் காட்டிச் சூடேற்றிய ஊசி வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஓட்டை அவ்வளவு சின்னதாக இருக்கும்போது முதல் முறை இரண்டும் எழும். இரண்டாம் முறையும் எழும். மூன்றாம் முறை வலது எழ, இடது பாதியில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிக்கும். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீடு திரும்பியதும் டெல்பர்ட் குளிக்கப் போனார். நகச் சாயத்தில் நிறமற்றது ஒன்று உண்டு. அதில் ஒரு சொட்டு வைத்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சோதித்தபோது, மூன்று முறையும் இரண்டும் எழுந்தன. பத்து முறையும் எழுந்தன.

இதைத்தான் நான் செய்தேன். 1991, 92, 93, 94, 95, 97, 98. மொத்தம் ஏழு முறை. ஒவ்வொரு முறையும் வேறு இடம், 1995 தவிர. அந்த வருடம் 1991-இன் இடத்துக்கே திரும்பினேன். அங்கே யாரும் இனித் தேட மாட்டார்கள் என்று தெரியும்.

வீட்டில் நன்றாக இருப்பது மைதானத்தில் ஏன் கெடுகிறது என்று இருவரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். மைதானம் பள்ளத்தில் இருக்கிறது, காற்றின் அழுத்தம் வேறு என்றார் ஹார்லன். டெல்பர்ட் காற்றழுத்தமானி வாங்கினார். அடுத்த வருடம் வெயில் என்றார்கள். ஈரத்துணியைக் குழாய்கள் மேல் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள். குழாய்க்குள் சுருட்டுப் புகையை ஊதி எங்கே கசிகிறது என்று பார்ப்பது ஹார்லனின் முறை. ஷெட் முழுக்கப் புகை. குழாயிலிருந்து மட்டும் வரவில்லை. டெல்பர்ட் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். தேதி, வெப்பநிலை, எந்தக் குழாய், என்ன பலன். வாரத்தில் ஐந்து நாள் அவர் ஷெட்டில் இருந்தார், மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டார். ஓய்வுபெற்ற எத்தனை கணவர்களுக்கு அப்படி ஒரு நல்ல பொழுதுபோக்கு அமைகிறது?

1996-இல் நான் ஊசியைத் தொடவில்லை. அன்று காலை என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தபோது, கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அவரே சிவப்பையும் பச்சையையும் இடது பக்கம் மாற்றிப் போட்டிருந்தது தெரிந்தது. மூடியை அப்படியே மூடிவிட்டேன். மைதானத்தில் வலது விளக்கு எழுந்தது, இடது இருந்த இடத்தில் இன்னும் அழுந்திக்கொண்டது. அன்று மாலை ஷெட்டில் குழாய்களைப் பார்த்ததும் டெல்பர்ட்டுக்கு முகம் சிவந்தது.

“இது தானா நடக்கிற வேலையில்ல. யாரோ மாத்தியிருக்கான்.”

“எவன்?” என்றார் ஹார்லன்.

“புகை ஊதுறேன்னு நேத்து தலைய உள்ள விட்டது யாரு?”

“ஏன்டா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. முப்பத்தோரு வருசப் பழக்கம். நானாடா உன் குழாய மாத்திப் போட்டேன்?”

“வேற எவன் தொட்டான்? ஆர்டிஸா?”

ஹார்லன் என்னைப் பார்த்தார். நான் காப்பிக் கூஜாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இருவருமே ஒரு கணம் சிரித்தார்கள். பிறகு ஹார்லன் சுருட்டைக் காலில் போட்டு மிதித்தார்.

“உன் வண்டியும் வேணாம், கண்ணடிக்கிற உன் விளக்கும் வேணாம். நீயே கட்டிக்கிட்டு அழு.”

காப்பி குடிக்காமலே போய்விட்டார். அடுத்த வாரம் அவர் வீட்டு வாசலில் இரண்டு பாட்டில் பீச் பழம் வைத்துவிட்டு வந்தேன். அவர் தனியாளாக இருப்பவர். மூன்று வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு டெல்பர்ட் தனியாகத் தேடினார். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துவார். காற்று புகும் இடத்தில் மெல்லிய சீறல் கேட்க வேண்டும். நான் அடைத்துவிட்டேன் என்பதால் கேட்க எதுவும் இல்லை.

“ஒரு சத்தமும் இல்லியே ஆர்டிஸ். வந்து கேளு. உனக்கு ஏதாச்சும் கேக்குதா?”

குழாயைக் காதில் வைத்துக்கொண்டேன். “லேசா” என்றேன்.

அந்த மாதமே அவர் இரண்டு காதுக்கும் கருவி வாங்கிக்கொண்டார். அவர் செவி பழுதில்லாமல் இருக்கிறது என்று சொன்ன முதல் மருத்துவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போனார். பிறகு, இணைப்புகளை இறுக்கியது நினைவில்லை என்று தோன்ற ஆரம்பித்ததும், நினைவாற்றலுக்கும் ஒரு மருத்துவரைப் பார்த்தார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்களாம். மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் வரும் வழியில் காரில் அழுதார். வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் பிடித்த ருபார்ப் பை என்ற இனிப்புப் பலகாரத்தைச் செய்து கொடுத்தேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அரிசோனாவுக்குப் போகச் சொன்னது அவருடைய நுரையீரல் மருத்துவர். 1989-இல். இங்கத்திய ஈரமும் அறுவடைத் தூசியும் ஆகாது, வறண்ட காற்று வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். மருத்துவர்கள் எதையுமே தள்ளிப்போடச் சொல்வதில்லை. போன வருடம் முதல் டெல்பர்ட் ஆக்சிஜன் மிஷினோடு தூங்குகிறார். அது விடாமல் லேசாகச் சீறும். முதலில் தொந்தரவாக இருந்தது. இப்போது அந்தச் சத்தம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

மே மாதம் ஜீன் ஸ்டோவால் வீட்டுக்கு வந்தார். டெல்பர்ட் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரம்.

“ஆர்டிஸ், நாங்க எல்லாரும் பேசிட்டோம்” என்றார், நான் கொடுத்த அதே பலகாரத்தை வாயில் வைத்துக்கொண்டே. “இந்த வருசம் எப்படியும் குடுத்துர்றது. மூணாவது தடவை வரும்போது எனக்குத் தும்மல் வரும், அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். பாவம், மனுசன் மூச்சுக்கே அல்லாடுறான்.”

“மூணு தடவையும் பாக்கணும்னு விதியில இருக்கே, ஜீன்.”

“விதி கெடக்குது. இன்னொரு துண்டு போடு.”

விதிப்புத்தகத்தைத் தட்டச்சு செய்தவள் நான். பதினான்காம் விதி எனக்கு மனப்பாடம்: உரிமையாளரோ அவர் வீட்டாரோ தேர்வுக்குரிய காரில் வேண்டுமென்றே பழுது செய்தது தெரியவந்தால், அந்தக் கார் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்க்கப்படாது. நடுவர்களே விதியை மீறப் போகும்போது, யாராவது ஒருவர் நேர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. மே 28-ஆம் தேதி செயற்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஏழு முறை குத்தியதைச் சொன்னேன். விதி எண்ணையும் சொன்னேன். ஸ்டோவால், “ஐயோ, நான் அந்தப் பலகாரத்தச் சாப்பிட்டேனே” என்றார்.

டெல்பர்ட்டுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன். சமையலறைக்கு வந்து குறிப்பேட்டை விரித்து, பென்சிலை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“எந்த இடம்?”

வருடவாரியாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். டாஷ்போர்டுக்குப் பின்னால் என்று 1994-ஐச் சொன்னபோது, “அங்க கை நுழையாதே” என்றார். என் கை நுழையும் என்றேன். 1996-ஐச் சொன்னபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மூச்சிரைக்கும் வரை சிரித்தார். பிறகு காதுக் கருவிகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பாட்டில் மாதிரிதான்னு அன்னிக்கே சொன்ன.”

“சொன்னேன்.”

அவர் எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்தார். ஹார்லனின் எண்ணை மறக்கவில்லை.

நகச் சாயம் வைத்த குழாய்களை மாற்றிவிட்டு, விளக்குகளைத் தேர்வில் போலவே சோதித்துக் காட்ட மட்டும் விட வேண்டும், சான்றிதழ் வேண்டாம் என்று அவரும் ஹார்லனும் ஸ்டோவாலிடம் கேட்டார்கள். ஜூன் 12-ஆம் தேதி நடந்தது அதுதான். அன்று காலை நான் ஷெட்டுக்கே போகவில்லை. தேவையும் இல்லை. மூன்றாம் முறை இரண்டும் எழுந்தபோது கூட்டம் கைதட்டியது.

“மூணு வருசம் காத்திருக்கணும்” என்று அவருக்கு நினைவூட்டினேன். “2002 ஜூன்.”

“சான்றிதழா? அது யாருக்கு வேணும்?” என்றார் டெல்பர்ட். “ஓட்டை எங்கன்னு தெரிஞ்சிருச்சுல்ல. வேலை முடிஞ்சுது.”

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது இது ஒன்றுதான்.

15-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டெல்பர்ட்டும் ஹார்லனும் அந்தக் காரிலேயே மேசாவுக்குப் புறப்பட்டார்கள். ஆக்சிஜன் உருளை இருக்கைக்குப் பின்னால். ஹார்லன் வண்டி ஓட்டினார், சுருட்டை விட்டுவிட்டாராம். நல்ல வெயில், விளக்குக்கு வேலையில்லை. ஆனாலும் தெருமுனையில் நின்று இரண்டையும் ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டுப் போனார்கள். அது எனக்காக என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அவர் திரும்பி வருவார். 2002-க்கான நுழைவுப் படிவத்தை அடித்து வைத்திருக்கிறேன், கையொப்பம் மட்டும்தான் பாக்கி.

இந்த வீடு அவருடைய அப்பா வழியில் வந்தது. பத்திரத்தில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்து தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் விற்பனைப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். இதுவரை இரண்டு முறை சாய்ந்துவிட்டது. ஏன் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. மண்ணில் ஈரம் அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.