சாயபு தண்ணீர் ஊற்றிய ஆவாரஞ்செடி

ஆம்பூர் ரயிலடியில் பயணச்சீட்டு வாங்க நின்றிருந்தேன். பிறர் பேச்சுக்குச் செவிகொடுப்பது என் வழக்கமன்று. எனினும், தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்கும் சாயபு ஒருவர், அதை உரித்துத் தரும் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

“நீ குடுத்த ஆவாரஞ்செடிய தண்ணி ஊத்தியே கொன்னுட்டேம்மா.”

“தெனமுமா ஊத்தினீங்க, பாய்?”

“ரெண்டு வேளை. எருவும் ஜாஸ்தியா போட்டேன்.”

“அய்ய! அது கல்லாங்காட்டுல காயற செடி. ஈரம் நின்னா வேரு அழுவிடும்.”

“வூட்ல அவங்களுக்கு சக்கரை வியாதி. அந்தப் பூ கஷாயம் குடிச்சாதான் தெம்பா நடக்கறாங்க. இனி பூவுக்கு இன்னா பண்றது?”

“கரட்டுமேல ஒரு புதரு நல்லா பூக்குது. பட்டை உரிக்காம அவங்களுக்குன்னே வுட்டு வெச்சிருக்கேன், பாய்.”



“யார் கேட்டாலும், நானே கேட்டாலும், அந்தப் பட்டைய மட்டும் உரிச்சுடாதேம்மா.”