இரண்டு புள்ளிகளுக்கு ஒரே பெயர்

நிலக்கடலை இலையில் புள்ளி தேடுவதும் பனியனில் ஓட்டை தேடுவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான், சார். அதனால்தான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த பெண்களை வைத்து இதைத் தொடங்கினேன். ஓர் ஆராய்ச்சி நிலையம் இலைப் படங்களை அனுப்பும். புள்ளியைச் சுற்றிக் கட்டம் போட்டு, அது என்னவென்று நாங்கள் குறிக்க வேண்டும். எங்கள் குறிப்பை வைத்துத்தான் விவசாயிகளுக்கான ஆப் நோயை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும்.

என் மனைவி நதியாவும் முன்பு அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்தாள். பஞ்சுத் தூசி அவள் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. இனி கம்பெனிக்குள் போனால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் என்னோடு இந்த வேலைக்கு வந்துவிட்டாள்.

நோயால் வந்த புள்ளி எது, மருந்து அதிகமாகிக் கருகியது எது என்பதில் பெண்கள் ஒத்துப்போகவில்லை. ஒரே படத்தை ஒருத்தி நோய் என்பாள், இன்னொருத்தி கருகல் என்பாள். நிலையம் படங்களைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அதைப் படித்துவிட்டு வெளியே வந்தேன். நதியா மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய், 'கருகல்' என்ற பெயரையே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். எல்லாம் நோய் என்றானது. வேலையும் சுலபமானது. எல்லோரும் ஒரே மாதிரி குறித்தார்கள். நிலையம் பாராட்டியது.

அந்தப் பெண்களில் சேவூர் அன்புசெல்வி மட்டும் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, இது மருந்துல கருகுனதுங்க. இதையும் நோய்னு போட்டா, மறுக்கா மருந்தடிக்கச் சொல்லாதுங்களா?"

"மேல உள்ளவங்க பாத்துக்கிடுவாங்கம்மா," என்றேன். மேலே யாருக்கும் நான் தெரிவிக்கவில்லை.

நிலையம் ஆப்பை விவசாயிகளிடம் சோதிக்கக் கொடுத்தபோது அவளுடைய அப்பா கன்னையனும் வாங்கிக்கொண்டார். மருந்தடித்தார், இலை கருகியது. ஆப் நோய் என்றது. பூச்சி மருந்தையும் கலந்து மறுபடி அடித்தார். இன்னும் கருகியது. இன்னும் நோய் என்றது.

அன்புசெல்வி போன் செய்தாள்.

"அண்ணா, அப்பாவுக்குத் தலை சுத்துதுங்க. வாந்தி எடுத்தாருங்க. கடலைக்காடு போயிருமுன்னு மறுபடியும் மருந்து டேங்க்கத் தூக்குறாரு. இது நோய்தானுங்களா? நீங்க சொன்னா நிறுத்திக்குவாருங்க."

உண்மையைச் சொன்னால் அவள் நிலையத்துக்குச் சொல்லிவிடுவாள். நதியா என் எதிரே இருமலில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"நோய்தான். அடிக்கச் சொல்லு," என்றேன்.

அவர் காட்டிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

துக்கத்துக்கு முதல் ஆளாகப் போனேன். அன்புசெல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கடைசி வரைக்கும் உங்க பேச்சத்தானுங்க நம்புனாரு."

அதை அவள் நன்றியோடுதான் சொன்னாள். என் மேல் வந்திருக்கும் புகாரில் இருப்பது அவள் கையெழுத்து என்கிறீர்கள். யாரோ அவளைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள், சார்.