காசிமுக்கு நான் கொடுத்த ஜாக்கெட்

ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்கிறது. கீழே கடல். வெள்ளிக்கிழமை. காலை ஏழே முக்கால். அடிப்பகுதியில் மூன்று சத்தம். டப். டப். டப். யாரோ கீழிருந்து சுடுகிறார்கள். பிறகு என்ஜின் சத்தமே இல்லை.

எண்பதுகளின் கடைசி. இலங்கையின் வடக்குக் கரை. உள்ளே ஒன்பது பேர், எல்லோரும் இந்தியப் படை.

எதிரே காசிம். ராஜபாளையத்து ஜவுளிக்கடைக்காரர் மகன். நான் பக்கத்து ஊர், சுந்தரபாண்டியம். ஏறும்போது மிதவை ஜாக்கெட் ஐந்துதான் இருந்தது. எனக்கு ஒன்று கிடைத்தது. அவனுக்கு இல்லை. அவனுக்கு நீச்சலும் தெரியாது. "ஏலே, இத மாட்டிக்கோ. நான் கெணத்துல குதிச்சு வளந்தவன்" என்று என்னுடையதைக் கொடுத்தேன். கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும். எப்போது இழுக்க வேண்டும்? ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள்கூட.

மோதுகிறோம். தலைகீழாகப் புரள்கிறோம். மூக்கில் உப்புத் தண்ணீர். காசிம் கயிற்றை இழுக்கிறான். புஸ்ஸென்று ஜாக்கெட் உப்புகிறது.

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தேன். விடவில்லை. மறு கையால் பெல்ட்டைக் கழற்றினேன். சட்டத்தைப் பற்றியே வெளியேறினேன். மேலே வந்து கத்தினேன்.

"காசிமு! வெளிய வாலே!"

வரவில்லை. மூச்சை அடக்கி மறுபடி உள்ளே போனேன். புரண்ட ஹெலிகாப்டரின் தரைதான் இப்போது கூரை. ஜாக்கெட் அவனை அதில் அழுத்தி வைத்திருந்தது. வாசல் அவனுக்குக் கீழே. காலைப் பிடித்து இழுத்தேன். இறங்கவில்லை. பூட்ஸ் மட்டும் கையோடு வந்தது.

விசாரணையில் எழுதினார்கள்: வெளியே வந்தபின்தான் கயிற்றை இழுக்க வேண்டும் என்ற கட்டளையை மீறி உள்ளேயே காற்று நிரப்பினார். எந்தக் கட்டளை? யார் கொடுத்தது? கேட்டேன். கையெழுத்துப் போடு என்றார் அதிகாரி. போடவில்லை.

லீவில் ராஜபாளையம் போனேன். கடையில் அவன் அத்தா படையிலிருந்து வந்த ஒரு கடிதத்தை நீட்டினார்.

"அவன் மேல தப்புன்னு எழுதியிருக்காவ. நெசமா தம்பி?"

"இல்ல மாமா. எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அந்த ஜாக்கெட்டு நான் குடுத்தது."

அவர் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார். பிறகு சொன்னார்: "இத எழுதுனவியட்ட போய்ச் சொல்லுப்பா."

போனேன். சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அந்த வரியை இன்றுவரை அடிக்கவில்லை.

நான் எழுதுகிறேன். ஏறியவர்கள் ஒன்பது. மீண்டவர்கள் நான்கு. செத்தவர்கள் ஐந்து. ஒருவர் விமானி. மற்ற நால்வரும் உள்ளேயே கயிற்றை இழுத்தவர்கள். நால்வரும் கட்டளையை மீறவில்லை. கட்டளையே இல்லை. அந்த நால்வரில் ஒருவன் காசிம். வயது இருபத்துமூன்று.