நீரில் நின்ற கத்தரியின் தாய்வழி

அயனம்பாக்கம் ஏரிக்கரை விதைப் பண்ணையில் முப்பத்தோராண்டு, பூவுக்கு முன் விழித்து, நுண்ணோக்கியின்மேல் குனிந்து, மகரந்தத் துகளின் உயிரையும் மனிதரின் மனத்தையும் ஒருசேரப் பார்த்து, இன்று பணி ஓய்வு பெறும் ஆக்னஸ் அம்மையீர்! மேனாம்பேட்டிலிருந்து நாள் தவறாமல் வந்த மிதிவண்டியே! பொறுமையின் பெருங்கடலே! வணக்கம்.

தங்களை நேரே புகழ்ந்தால், “போதும்பா, கூச்சமா கீது” என்பீர்கள். ஆகவே யாரோ ஒருவர் கதைபோலச் சொல்கிறோம், கேட்டருள்க.

ஏரி வழிந்த ஓராண்டில் பண்ணைக் கத்தரியெல்லாம் அழுகிச் சாய, ஒரே ஒரு செடி நீரில் நிமிர்ந்து நின்றது. மரபணுவில் நேர்ந்த பிறழ்வு என்று மகிழ்ந்தோம். பண்ணை வழக்கப்படி அதைத் தந்தையாக்கி, மகரந்தம் சுரக்காத வேறு தாய்ச்செடிகளின் பூவில் அதன் மகரந்தத்தை இட்டோம். இதையே தாயாக்கினால் மொட்டு மொட்டாக இதன் மகரந்தப்பையைக் கிள்ள வேண்டுமே என்ற சோம்பல்தான்! மூன்று பருவமும் பிள்ளைச் செடிகள் அத்தனையும் நீரில் மடிந்தன. “வெள்ளிக்கிழமை புடுங்கிடுங்க” என்றார் மேற்பார்வையாளர் வரதன்.

ஆக்னஸ் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை உறுதியான செடி தன் பிள்ளைக்கு ஒன்றுமே தராமலா போகும்? அதன் மகரந்தத்தைச் சிவப்புச் சாயத்தில் இட்டுப் பார்த்தார். உயிருள்ளவை சிவந்தன, பாதி வெளிறிக் கிடந்தன.

“சார், பாதி செத்துக் கீது. தண்ணில நிக்கிற கொணத்த தூக்கினு வர்ற தூளுதான் சாவுது. அப்பால புள்ளைக்கு எப்டிப் போவும்?”

“அதான் புடுங்கச் சொல்றேன்.”

“இன்னா சார் நீ! அப்பன் வழி அடைச்சிகினா ஆத்தா வழி கீதுல்ல? சூலு சாவல, காய் நெறைய வெதை கீது பாரு. இத்தையே தாயா வெச்சிப் பாரு.”

“மொட்டு கிள்றது யாரு, உங்க நைனாவா?”

“நாந்தான்!”

நாங்கள் சிரித்தோம். இன்றும் அதை எண்ணி நாணுகிறோம்.

வெள்ளிக்கிழமை மண்வெட்டியோடு வந்த வரதன், கிளையெங்கும் ஆக்னஸ் அம்மா கிள்ளி உறை மாட்டிய மொட்டுகளைக் கண்டார், நாற்பது இருக்கும். மண்வெட்டியைத் திருப்பி அனுப்பினார்.

அந்தத் தாயின் விதையில் முளைத்த அறுபத்திரண்டு கன்றுகளை நீரில் நிறுத்தினோம். பத்தாம் நாள் முப்பது நின்றன! நாங்கள் கூத்தாட, அம்மாவோ சாய்ந்தவற்றின் எண்களை முதலில் எழுதிவிட்டுத்தான் நின்றவற்றின் பக்கம் திரும்பினார்.

அம்மையீர்! கதை முடிந்தது, அதற்குரிய தாங்கள் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். அக்கத்தரியின் வழிவந்தவை இன்று திருவேற்காடு தாண்டியும் மழைநீரில் காய்க்கின்றன. அவைபோல் எந்த வெள்ளத்திலும் நிமிர்ந்து, நோயின்றி, நூறாண்டு நிற்பீராக!

சால்வையோடு ஒரு தொட்டிக் கத்தரியும் தருகிறோம். அந்தத் தாயின் பேத்தி அது. அதை ஈன்ற பூவின் மொட்டைக் கிள்ளியவர், வரதன்.

தங்களிடம் கிள்ளக் கற்ற கைகளுடன்,
பண்ணைப் பணியாளர்கள்