தகரத்தில் விழுந்த கல்

ஓடுகிறேன். கால் வழுக்குகிறது. தேயிலைச் செடி முழங்காலைக் கிழிக்கிறது. பின்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எரிகின்றன. கூரைத் தகரம் வெடிக்கிறது. டப். டப். பக்கத்தில் அஞ்சலை அக்கா ஓடுகிறார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்.

ஏன் பொத்தினார் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஐப்பசி மாதம். வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை. ஹட்டன் டவுனை ஒட்டிய லயம் அது. பனிமூட்டத்தில் அடுத்த வாசல் தெரியாது. மழை எப்போதும் மேல்கோடி வீட்டில்தான் முதலில் விழும். அது அக்காவின் வீடு. தகரத்தில் சத்தம் கேட்டதும் அவர் குரல் கொடுப்பார். வரிசையே வெளியே ஓடி விறகையும் துணியையும் அள்ளும்.

அன்றும் சத்தம் கேட்டது. சடசடவென்று. அக்கா கத்தினார்.

“மழ வருது! வெறக எடுங்க!”

ஓடினோம். விழுந்தது கல்.

என் வீட்டுக்காரர் செல்லையா கை நிறைய விறகோடு நிமிர்ந்தார். பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். பொல்லுத் தடி. கத்தி. மண்ணெண்ணெய். முதல் வெட்டு அவர் தோளில். விறகு சிதறியது. விழுந்துகொண்டே கத்தினார்.

“தேயிலைக்குள்ள ஓடு புள்ள!”

அடுத்த வெட்டை நான் பார்க்கவில்லை. கேட்டேன். விறகு பிளக்கிற சத்தம்தான் அது. இன்றைக்கும் யார் விறகு பிளந்தாலும் காதைப் பொத்துகிறேன்.

பிழைத்தவர்கள் டவுனில் ஒரே வரிசையாக இருந்த வாடகை அறைகளுக்கு வந்தோம். அங்கேயும் தகரக் கூரை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதாகக் கடைவீதியில் ஆறுதல் சொன்னார்கள். எங்களுக்குத் தலையே போயிருந்தது. மழை பெய்தால் பிள்ளைகள் கட்டிலுக்கடியில். பெரியவர்கள் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்போம். அக்காவுக்குப் பேச்சே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்க்கமாட்டார். பேய் என்று கோடாங்கியைக் கூட்டி வந்தோம். அவர் உடுக்கை அடித்ததும் அக்கா மயங்கி விழுந்தார்.

அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

“இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. அண்டைக்குப் பட்ட பயம் இன்னும் உடம்பை விட்டுப் போகேல்லை.”

வாராவாரம் வந்தார். நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்ல வைத்தார். அழுதோம். சண்டையும் போட்டோம். அக்காவை யாரும் வற்புறுத்தக் கூடாது என்றார். மழை வந்தால் முடிந்தவர்கள் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார்.

ஒரு மழையில் நான் வாசலுக்கு வெளியே கையை நீட்டினேன். பின்னால் அக்கா நின்றார்.

“ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. கல்லெறிஞ்சவன் மேலதான். பாருங்க, வெறும் தண்ணி.”

என் உள்ளங்கைத் தண்ணீரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பேசவில்லை.

அடுத்த மழைக்கும் பேசவில்லை. மாசி கழிந்து ஒரு பின்னேரம், தகரம் சடசடத்தது. எல்லோரும் உறைந்து நின்றோம். வரிசையின் கோடியிலிருந்து கரகரத்த குரல்.

“கைய நீட்டிப் பாத்துட்டேன்! மழதான்!”

யாரும் வெளியே ஓடவில்லை. துணி நனைந்தது. நனையட்டும்.

அன்று போனவை: பன்னிரண்டு வீடு. மூன்று ஆடு. கோயில் மணி. போனவர்கள்: ராமாயி. அவள் மகன் குமார். என் செல்லையா. அக்காவின் குரலையும் இந்தக் கணக்கில் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.