மூணு வேணாம், ஒரு சரி

சாரியா? நானா? அந்தப் பையன்கிட்டயா? ஆவாது சார். தண்ணிதான ஊத்தினேன். டீயா இருந்திருந்தா மூஞ்சி வெந்திருக்கும். அதுக்கு அவன்தான் எனக்கு தேங்க்ஸ் சொல்லணும்.

கதவ ஏன் சாத்துறீங்க? கேக்கட்டும். சாப்பிடப் போன பேட்ச் மொத்தமும் வந்து கேக்கட்டும். கன்னடத்துல சொல்லவா? கோவம் வந்தா எனக்குத் தமிழ்தான் சார் வரும். இந்த ஊரு மர்பி டவுன்ல, தமிழாளுங்க நடுவுல பொறந்தவ நானு. உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வருதே, ஸ்வல்ப பொறுமையா கேளுங்க.

பேன்ட்ரில டீ போட்டுக்கினு சும்மா இருந்தவள இந்த ரூமுக்கு இட்டுக்கினு வந்தது யாரு? நீங்கதான உமேஷ் சார்? சேல்ஸுக்குப் புதுசா சேர்ற பசங்க வீடு வீடா போயி, புள்ளைங்க படிக்கிற டேப்லெட்ட விக்கணும், அதுக்கு முன்னாடி இங்க பேசிப் பழகணும், நீங்க கஸ்டமர் மாதிரி உக்காருங்க வனஜாம்மா, ரோல் ப்ளே, அவ்ளோதான்னீங்க. நானும் சரி, ஏதோ டிராமா, காலுக்கு ரெஸ்ட்டுன்னு வந்து உக்காந்தேன். அக்கவுண்ட்ஸ் சிந்து எனக்குப் பொண்ணு. பி.காம் படிச்சவ, பதினேழு இன்ட்டு பதிமூணு எவ்ளோன்னு கேட்டா திருதிருன்னு முழிக்கணும். அவ முழிச்சதும் பையன் என் பக்கம் திரும்புவான். பாத்தீங்களா மேடம், இதுகூடத் தெரியலையேன்னுவான். நான் மூணு வாட்டி வேணாம்னு சொல்லணும். நாலாவது வாட்டி தலையக் குனிஞ்சிக்கினு சரின்னுடணும். நீங்க வச்ச ரூலுதான?

அந்த சரிய வாங்க என்னென்ன பேசச் சொல்லித் தர்றீங்க! உங்க பொண்ணும் உங்கள மாதிரியே நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கணுமா மேடம். புள்ளைக்கு செய்யாம யாருக்கு மேடம் செய்யப் போறீங்க. மொத நாளு ஓசூர்லருந்து வந்த ஒரு பையன், பாவம், இதச் சொல்றப்ப கண்ண எங்க வைக்கிறதுன்னு தெரியாம டேபிளயே பாத்துக்கினு இருந்தான். நீங்க என்னா பண்ணீங்க? ஐ கான்டாக்ட், ஐ கான்டாக்ட்னு கத்துனீங்க. வனஜாம்மா மூஞ்சப் பாத்து சொல்லுன்னீங்க. இப்ப அவன் பல்லு தேய்க்கிற மாதிரி சாதாரணமா சொல்றான்.

இங்க நான் சரின்றது சம்பளத்துக்கு. அந்தப் பசங்களுக்கு அது எப்பிடித் தெரியும்? நெசமான வீட்டுல ஒருத்தி வேணாம், வேணாம்னு கையெடுத்துக் கும்புட்டாலும், இன்னும் ஒரு வாட்டி பேசுனா சரின்னுடுவான்னு உக்காந்துக்கினே இருப்பானுங்க. எந்திரிக்கவே மாட்டானுங்க. போன வாரம் ஆடுகோடில ஒரு அம்மா அழுதுக்கினே கையெழுத்துப் போட்டாங்கன்னு கேக் வெட்டுனீங்களே. அத பீஸ் பீஸா தட்டுல வச்சி எல்லாருக்கும் குடுத்தது நான்தான். எனக்கும் ஒரு பீஸ் வச்சிருந்தீங்க. தொடல நானு.

இன்னிக்கி மட்டும் என்னாச்சுன்னா கேக்குறீங்க? பக்கத்துல நின்னு பாத்தீங்கல்ல? பாலகுமார் வந்து உக்காந்தான். இஸ்திரி போட்ட சட்ட, கழுத்துல டை. சிந்து முழிச்சா. நான் வேணாம்னேன். மறுபடியும் வேணாம்னேன். மூணாவது வாட்டியும் சொன்னேன். அப்பதான் அவன் நீங்க குடுத்த பேப்பர்ல இல்லாத ஒண்ணச் சொன்னான். மேடம், கொழந்த புக்க எடுத்துக்கினு வந்து, இதப் படிச்சு சொல்லும்மான்னு கேக்குறப்பல்லாம், கண்ணாடிய வேலை செய்ற எடத்துல வச்சிட்டு வந்துட்டேன்னு சொல்றீங்க. உங்ககிட்ட கண்ணாடியே கெடையாது மேடம். அது கொழந்தைக்குத் தெரியும். அப்பிடின்னான்.

ஐ கான்டாக்ட்டெல்லாம் சூப்பர் சார். கண்ணக்கூட சிமிட்டல.

நீங்க கை தட்டுனீங்க. எக்ஸலென்ட், எங்கருந்து புடிச்ச இதன்னீங்க. நாளையிலருந்து எல்லாரும் இதத்தான் சொல்லணும்னு அந்த போர்டுல பெருசா எழுதுனீங்க. எல்லாரும் என்னப் பாக்குறாங்க, நான் சரின்னு சொல்றதுக்கு. ஆனா என் கைதான் போச்சு. க்ளாஸ்ல தண்ணி இருந்துச்சு, எடுத்து மூஞ்சில ஊத்திட்டேன்.

வேலைய விட்டு எடுத்துடுவீங்களா? எடுங்க. இந்த ஊர்ல டீ குடிக்காத ஆபீஸ் எங்க இருக்கு? ஆனா அந்த லைனு வெளிய போவக் கூடாது. எவனும் அத மனப்பாடம் பண்ணிக்கினு போயி எந்தப் பொம்பள மூஞ்சிலயும் சொல்லக் கூடாது. என்னாது? ட்ரைனிங்ல பேசுனது கம்பெனிக்கு சொந்தமா? யாரக் கேட்டு சொந்தம்? என்னக் கேட்டீங்களா?

நல்ல மூளைக்காரப் பையன், யோசிச்சு சொன்னான்றீங்க. யோசிச்சதெல்லாம் இல்ல சார். என் பையன் அவன். ஆமா, பாலு, நான் பெத்தது. ஆபீஸ்ல என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மான்னான். சரின்னேன். அவன் கேட்டா நான் மொத வாட்டியே சரின்னுடுவேன், அப்பிடியே பழக்கிட்டேன். எனக்குப் படிக்க வராதுன்னு அவனுக்குத் தெரியாதுன்னே நெனச்சிக்கினு இருந்தேன் சார் இத்தன வருஷமும். சின்னதுலயே தெரிஞ்சிருக்கு. கண்ணாடி எங்கம்மான்னு ஒரு நாளு ஒரு வார்த்த கேட்டதில்ல, எனக்கு அசிங்கமாயிடும்னு. அப்பிடிப் பொத்தி வச்சிருந்தத இன்னிக்கி வேலை நெலைக்கணும்னு எடுத்து உங்ககிட்ட குடுத்துட்டான்.

தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா? அப்ப எந்திரிங்க, டஸ்டர எடுங்க. நான் இங்கியே நிக்கிறேன். எனக்குப் படிக்கத்தான் வராது சார். அழிச்சா தெரியும்.