திருஷ்டிப் பொம்மையின் சட்டை

சிக்கலிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "திருஷ்டிப் பொம்மைய வயல் மாத்தி நட்டுட்டேன் மாப்ள."

"என்ன மச்சான் சொல்றீக?"

"விவசாய ஆபீஸ்ல மஞ்ச நோய் தாங்குற புது உளுந்து குடுத்தாக. நம்பாம, கருவைக்காட்டு ஓரத் தரிசுல வீசிவிட்டேன். பக்கத்து நல்ல வயல்ல நம்ம பழைய விதை. கண்ணு பட்டுறக் கூடாதுன்னு பொம்மையும் மொதல்ல அந்த நல்ல வயல்லதான் நின்னுச்சு."

"இப்ப?"

"தரிசுல காய்ச்சுத் தொங்குது, அதான் பொம்மைய அங்க மாத்திட்டேன். நல்ல வயல் பூராம் மஞ்சளாப் போச்சு. நாளைக்கு ஆபீஸ்காரவுக ஊர் ஊரா ஆளைக் கூட்டிட்டு வாராக. முன்னோடி விவசாயின்னு நான் பேசணுமாம்."

"அந்த மஞ்ச வயல் யாருதுன்னு கேட்டா?"

"பொம்மைக்கு என் சட்டையத்தான் மாட்டிருக்கேன். விதைச்சவன் அந்தா நிக்கிறான்னு கையைக் காட்டிருவேன்."